திண்டிவனத்துப் பொழுது

1

நான் குடியிருக்கும் ஊரில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி பாதிக்கு மேல்தான் மறுபடி தலைகாட்டும். நார்வேயின் வடகோடி இது. இடைப்பட்ட நாட்களில் நண்பகல் நேரத்தில் ஒரு நீல வெளிச்சம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். இன்று சூரியன் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போய், மலைக்கு மேல் அது விளிம்பு காட்டியதும் கைதட்டி, ஆளுக்கொரு இனிப்பு பன் கொடுப்பார்கள். வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. வெயிலைத் திட்டியே வளர்ந்தவன் நான். திண்டிவனத்தில் யாராவது சூரியனுக்குக் கைதட்டினால் கிறுக்குப் பிடித்தவன் என்பார்கள்.

இந்த வருஷம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சூரியனால் எங்கள் வீடு பட்ட பாடு அப்படி.

ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் நயினார் வீட்டுக்காரர்கள், தமிழ்ச் சமணர்கள். மேல்சித்தாமூர்க் கோயிலில் இருக்கும் பார்சுவநாதர்தான் எங்களுக்கு எல்லாம். எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்தபிறகு சாப்பிடுவதில்லை என்று ஒரு விரதம் உண்டு. இருட்டில் விளக்கேற்றினால் பூச்சி பொட்டு வரும், தட்டில் விழும், தெரியாமல் ஓர் உயிர் போகும். அதனால் விளக்கு வைக்கும் முன்பே கை கழுவிவிட வேண்டும். எங்கள் கல்யாணங்களில் ராத்திரி விருந்தை மாலை ஐந்து மணிக்கே பரிமாறுவதைப் பார்த்து, வேற்று ஜாதிச் சிநேகிதர்கள் பசியில்லாமல் விழிப்பார்கள்.

என் அப்பா மல்லாட்டை வியாபாரி, அதாவது வேர்க்கடலை. இந்த விஷயத்தில் அவர் போலீஸ். கிரிக்கெட் ஆடிவிட்டு இருட்டியபின் வீடு திரும்பினால் சோற்றுப் பானை கழுவிக் கவிழ்த்திருக்கும். கேள்வி கிடையாது, பதில் கிடையாது. "பொழுதோட வந்திருந்தா சாப்பிட்டிருக்கலாம்" என்பார், அவ்வளவுதான். பசியோடு படுத்த ராத்திரிகளில் எனக்குப் பக்தி வந்ததே இல்லை. கோபம்தான் வந்தது.

விழுப்புரத்தில் பாலிடெக்னிக் படிக்கப் போனேன். ஒருநாள் திண்டிவனம் பஸ்ஸைத் தவறவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் ஓட்டலில் ராத்திரி ஒரு மசால் தோசை சாப்பிட்டேன். இரவுச் சாப்பாடு, அதற்குள் வெங்காயம், போதாததற்கு உருளைக்கிழங்கு. எங்கள் கணக்கில் ஒரே தட்டில் மூன்று குற்றம். சாப்பிட்டுவிட்டு ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பார்சுவநாதர் கண்டுகொள்ளவே இல்லை. அவர் யாரையும் கண்டுகொள்கிறவர் அல்ல. கட்டளை போடுவதில்லை, தண்டிப்பதில்லை, வரம் கொடுப்பதில்லை. அதுதான் எங்கள் மதம். அப்படியானால் எல்லாக் கட்டளையையும் என் அப்பாதான் போட்டுக்கொண்டிருந்தார் என்று அன்று எனக்குப் புரிந்தது. அந்தத் தோசைக்காக இன்றுவரை எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை.

இங்கே நான் குளிர்பதன இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். எதைக் குளிர்விக்கும் இயந்திரம் என்றால், மீனை. ஊரில் ஐஸ் கம்பெனி என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லை, ஐஸ் நிறையவே இருக்கிறது.

2

போன ஜூனில் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தோம். அப்பா காலமானபின் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. நான் திண்டிவனம் தாலுகா ஆபீசுக்கும் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கும் நடையாய் நடந்தேன். "நாளைக்கு வாங்க" என்றார்கள், வந்தேன். "ஜெராக்ஸ் ரெண்டு காப்பி" என்றார்கள், கொடுத்தேன். என் அப்பாவுக்கு அடங்காதவன், அவருக்கு மகன்தான் என்று நிரூபிப்பதற்காக அத்தனை பேருக்கும் அடங்கிப் போனேன்.

ஜெராக்ஸுக்குக் குறைவில்லை. என் அக்கா ஜெயா திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடைதான் வைத்திருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். மாலை ஐந்து மணிக்குக் கடையை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி திறப்பாள். வாடிக்கைக்காரர்கள் வாசலில் காத்திருப்பார்கள். "இருங்க சார், ஜெராக்ஸ் எங்கியும் ஓடிப் போவாது" என்பாள்.

நான் விழுப்புரத்தில் வரிசையில் நின்ற ஒருநாள், அக்கா என் மகள் தாரணியை மேல்சித்தாமூருக்குக் கூட்டிப் போனாள். தாரணிக்குப் பதினான்கு வயது, பிறந்ததே நார்வேயில். தமிழ் புரியும், பேசுவாள்; ஆனால் வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் இந்த ஊர் மொழியில் பதில் சொல்வாள். கோயில் என்றால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே நிற்கிற ரகம். கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நானும் என் மனைவி கீதாவும் பேசிக்கொள்வோம். அப்படிப் பேசிக்கொள்ளும்போது நாங்கள் ராத்திரி ஒன்பது மணிக்குச் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருப்போம் என்பது வேறு விஷயம்.

அன்று அங்கே ஒரு பெண் துறவி தங்கியிருந்தாராம். வெள்ளைப் புடவை, கையில் மயிற்பீலி. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அவர் முன் கைகூப்பி, ஏதாவது ஒன்றை விடுவதாகச் சொல்லி வணங்கினார்களாம். ஒருவர் வெங்காயம், ஒருவர் காப்பி. தாரணி முறை வந்தது. "நான் ஒரு வருஷம் பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். துறவி மயிற்பீலியைத் தூக்கி ஆசி சொன்னார். முடிந்தது.

"ஏன்க்கா, நீ சொல்லிக் கொடுத்தியா?" என்று அன்று சாயங்காலம் கேட்டேன்.

"நான் எதுக்குடா சொல்றேன்? ஒரு மாசம்னு சொல்லும்மான்னுதான் காதுல ஓதினேன். அவ வருஷம்னுட்டா."

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்று தாரணியைக் கேட்டேன். "எல்லோரும் ஏதோ கொடுத்தாங்க. எனக்கும் கொடுக்கணும்னு தோணிச்சு" என்றாள். தமிழிலேயே சொன்னாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அதை மறைக்கப் போவதில்லை.

எங்களில் ஒருவருக்குமே அன்று ஒன்று உறைக்கவில்லை. அந்தத் துறவிக்கும், அக்காவுக்கும், இருபது வருஷமாக வடக்கே குப்பை கொட்டுகிற எனக்கும்தான். பொழுது என்றால் தினமும் எழும், தினமும் சாயும் என்ற நினைப்பிலேயே எல்லோரும் இருந்துவிட்டோம்.

3

ஜூலையில் திரும்பி வந்தோம். அப்போது இங்கே சூரியன் மறையவே மறையாது. ராத்திரி பதினொரு மணிக்குத் தாரணி ஐஸ்கிரீம் டப்பாவோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். "விரதம் என்னாச்சு?" என்றேன். ஸ்பூனால் வானத்தைக் காட்டினாள். "சாயலையே அப்பா." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போன் செய்து சொன்னபோது அக்காவும் சிரித்தாள். "குடுத்து வெச்சவ" என்றாள்.

ஆகஸ்ட், செப்டம்பர் நல்லபடியாகப் போயின. அக்டோபரில் பொழுது சீக்கிரம் சாயத் தொடங்கியது. இங்கே அது நாளுக்கு நாள் சுருங்குவது கண்ணுக்கே தெரியும். மாத முடிவில் அவள் பள்ளி விட்டு வரும்போதே இருட்டு. டிபன் டப்பாவில் மூன்று வேளைச் சாப்பாட்டை அடைத்துக்கொண்டு போனாள். நவம்பர் பாதியில் மதியச் சாப்பாடே இழுபறி. கடைசியில் சூரியன் வராத நாள் வந்தது.

அன்று காலை மேசையில் ஒரு மாநாடு நடந்தது.

"சூரியனே எழலைன்னா சாயறது எப்படி? சாயாதவரைக்கும் சாப்பிடலாம், விரதம் முறியாது" என்றேன். எனக்கே என் வாதம் பிடித்திருந்தது.

"ஜூலையில அப்படித்தான் சாப்பிட்டேன். அது ஏமாத்து" என்றாள்.

"ஏமாத்து இல்லம்மா, சட்டம்."

"எனக்கு வேணாம்."

அவளே ஒரு தீர்ப்பு வைத்திருந்தாள். விரதம் எடுத்தது அங்கே. ஆகவே அந்த ஊர்ச் சூரியன்தான் கணக்கு. போனில் திண்டிவனத்துப் பொழுதைப் போட்டு மணி வைத்துக்கொண்டாள். எங்கள் கடிகாரத்தில் மதியம் ஒரு மணி சுமாருக்கு அங்கே பொழுது சாயும். அந்த மணி அடித்தால் வாயை மூடுவாள். பிறகு மறுநாள் காலைதான். நடுவில் தண்ணீர் மட்டும். மாலையில் அவளுக்கு நீச்சல் பயிற்சி வேறு. இந்த ஊரில் அந்த வயசுப் பிள்ளைகள் பயிற்சி முடிந்து வந்ததும் அண்டாவையே கவிழ்த்துக்கொள்வார்கள். இவள் தலையைத் துவட்டிக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள்.

கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. நான் நாளைக்கு விட்டுவிடுவாள், நாளைக்கு விட்டுவிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் ஒருநாள் நீச்சல் குளத்தின் படியில் மயங்கி விழுந்தாள். தண்ணீருக்குள் விழாதது யார் செய்த புண்ணியமோ தெரியவில்லை.

4

பள்ளிக்கூட நர்ஸ் கூப்பிட்டனுப்பினார். நடுத்தர வயசு அம்மாள், மெதுவாகப் பேசுகிறவர். எனக்குப் பதற்றம் வந்தால் இந்த ஊர் மொழி காலை வாரிவிடும். விரதத்துக்கு என்ன சொல் என்று தெரியாமல், எடை குறைக்க இருக்கும் பத்தியத்தைக் குறிக்கும் சொல்லைத் தூக்கிப் போட்டேன். "வீட்டில் இது சகஜம், என் அக்கா முப்பது வருஷமாக இருக்கிறாள்" என்று பெருமையாக வேறு சேர்த்துக்கொண்டேன். நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கீதா என் காலை மிதித்தாள்.

தாரணிதான் சரியாக விளக்கினாள். நர்ஸ் அவளிடம் திரும்பினார்.

"இதைச் செய்யச் சொன்னது யார்? அப்பாவா?"

"இல்லை. அப்பா இதில் எதையுமே செய்ய மாட்டார்."

"மீறினால் உன் கடவுள் என்ன செய்வார்?"

"ஒன்றும் செய்ய மாட்டார். எங்கள் கடவுள் யாரையும் எதுவும் செய்வதில்லை."

"அப்படியானால் நீ யாருக்குக் கீழ்ப்படிகிறாய்?"

தாரணி யோசித்தாள். "நான் சொன்னேன். சொன்னதைச் செய்கிறேன். அவ்வளவுதான்" என்றாள்.

நர்ஸுக்கு அது பிடித்ததா, பயமாக இருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. எழுந்து வந்து எங்களிடம் சொன்னார். எடை மிகவும் இறங்கியிருக்கிறது. இரண்டு வாரம் கழித்து மறுபடி நிறுத்துப் பார்ப்பார். ஏறவில்லை என்றால் குழந்தைகள் நல அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "எனக்கு உங்கள்மேல் சந்தேகம் இல்லை. ஆனால் எனக்கும் விதி உண்டு. நான் அதை மீற முடியாது" என்றார். நல்லவர்தான். அவர் நல்லவராக இருந்தது என் பயத்தைக் குறைக்கவில்லை.

அந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலே இங்குள்ள இந்தியர் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடும். பிள்ளையைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிடுவார்கள் என்று பேச்சு. எது உண்மை, எது புரளி என்று எனக்குத் தெரியாது. காரில் திரும்பும்போது கீதா பின்சீட்டில் இருந்த தாரணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள் என்பது தெரியும்.

அன்று மாலை மேசையில் சப்பாத்தியும் குருமாவும் இருந்தன. தாரணியை உட்கார வைத்தேன். முதலில் நயமாகப் பேசினேன். இது பூச்சிக்காக வந்த விரதம்; வெளியே உறைபனி; இந்த ஊரில் இப்போது தேடினாலும் ஒரு கொசு கிடைக்காது; காரணம் போனபிறகு விரதம் எதற்கு என்றேன்.

"காரணம் இருந்தா எல்லாரும் செய்வாங்கப்பா. காரணம் இல்லாதப்பதான் நான் சொன்ன சொல் தெரியும்."

பதினான்கு வயசுப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? தெரியாதபோது மனிதர்கள் செய்வதைச் செய்தேன். தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"சாப்பிடு. கேள்வி கிடையாது, பதில் கிடையாது. நான் சொல்றேன், சாப்பிடு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கத்துவாள், எழுந்து போவாள், கதவை அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சப்பாத்தியைப் பிய்த்தாள். வாயில் வைத்தாள். மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, துடைக்கவே இல்லை. இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

கீதா மேசையைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "அப்படியே உங்க அப்பா பேசினாப்புல இருந்துச்சு."

5

மறுநாள் அக்காவுக்குப் போன் செய்தேன். ஜெராக்ஸ் மெஷின் சத்தத்துக்கு நடுவில் எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஒடம்பு போற அளவுக்கு விரதம் எதுக்குடா? வுட வேண்டியதுதான். அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா நீ யாரு வுட வெக்கிறதுக்கு?"

"நான் அவளோட அப்பன்."

"நம்ப அப்பா அதட்டி பட்டினி போட்டாரு. நீ அதட்டி சோறு போட்டுக்கினு இருக்கிற. ரெண்டுத்துக்கும் என்னா வித்தியாசம் சொல்லு. அவளுக்குப் புரியற வரிக்கும் பக்கத்துல குந்திக்கினு பேசியிருக்கணும். உனக்கு அதுக்குப் பொறுமை எங்க, ஜல்தி ஜல்தின்னு எல்லாமே ஆவணும்."

"ரெண்டு வாரத்துல எடை பாக்கறாங்கக்கா. புரியற வரைக்கும் எப்படிக் காத்திருக்கறது?"

அவள் யாருக்கோ சில்லறை கொடுத்தாள். பிறகு மெஷினை நிறுத்திவிட்டாள்.

"சரி, ஒண்ணு பண்ணு. புள்ள சாப்பிடட்டும். மீதி இருக்கிற மாசத்த நீ இரு."

"நானா? எனக்கு இதுல நம்பிக்கையே இல்லியேக்கா."

"நம்பிக்கைய யாரு கேட்டா? சாப்பிடாம இருன்னுதான சொல்றேன்."

"ஒருத்தர் விரதத்தை இன்னொருத்தர் இருக்கலாம்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதியிருக்கோ இல்லியோ, எனக்குத் தெரியாது. நான் சொல்றேன். இரு." போனை வைத்துவிட்டாள்.

இதற்கு நான் சம்மதித்திருக்க வேண்டியதே இல்லை. ஐம்பதைத் தாண்டியவன். அக்கா எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறாள், நான் ராத்திரி தோசை சுட்டாலும் தெரியப் போவதில்லை. ஆனாலும் மறுநாள் மீன் கம்பெனி உணவறையில் மணி ஒன்று நெருங்கியபோது டப்பாவை அவசர அவசரமாகக் காலி செய்து மூடினேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வாரம் தலைவலி. இரண்டாவது வாரம் எரிச்சல். கம்ப்ரெஸர் ஒன்றைக் கெட்ட வார்த்தையால் திட்டினேன், தமிழில். பிறகு பழகிவிட்டது. பக்தி வந்ததா என்றால் இல்லை. சாயங்காலப் பசியில் பார்சுவநாதர் ஞாபகத்துக்கு வரவில்லை, விழுப்புரத்து மசால் தோசைதான் வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷமும் நம்பினால்தான் கீழ்ப்படிய முடியும் என்று எண்ணியிருந்தேன். நம்பிக்கை இல்லை, ஆகவே எனக்கு வேலை இல்லை என்று வெளியே வந்துவிட்டேன். இப்போது நம்பிக்கை இல்லாமலே ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறேன், உடம்பு பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. அப்பாவும் ஒருவேளை இப்படித்தான் இருந்தாரோ, எதையும் நம்பாமல், விளக்கு வைக்கும் முன் கையைக் கழுவிக்கொண்டு? கேட்க இனி வழியில்லை.

தாரணியின் எடை ஏறியது. நர்ஸ் சிரித்தபடி கை குலுக்கினார். கடிதம் எங்கும் போகவில்லை. ஆனால் அந்த மாலைக்குப் பிறகு தாரணி என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. தமிழில் சுத்தமாகப் பேசவில்லை.

6

இன்று சூரியன் வந்த நாள் என்றேன். மாலை நீச்சல் முடிந்து தாரணி ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள். கீதா வேலைக்குப் போயிருந்தாள். நான் சாம்பாரைச் சூடாக்கி, சோறு போட்டு வைத்து, எதிரில் ஒரு தம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்தேன். இத்தனை நாளும் நான் முன்பே சாப்பிட்டுவிட்டதாகத்தான் சொல்லி வந்தேன். அவளும் மேற்கொண்டு கேட்டதில்லை.

இன்று ஸ்பூனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தை சொன்னாங்க," என்றாள். தமிழில்.

நான் தண்ணீரைக் குடித்தேன்.

"உங்களுக்குப் பசிக்கலையா?"

"பசிக்குது."

"சாப்பிடுங்க அப்பா. நான் சொல்றேன்."

"ஊஹூம். ஜூன் வரைக்கும் இருக்கு."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்தது.

"நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. அன்னிக்கு நீங்க சொன்னதும் நான் மட்டும் ஏன் கேட்டேன்? எனக்கு இன்னும் தெரியல. நான் எழுந்து போயிருக்கலாம். யாரும் என் கையைப் புடிக்கல."

எனக்கும் தெரியவில்லை என்பதைச் சொல்லத்தான் நினைத்தேன். தம்ளரை நகர்த்தி வைத்தேன். ஒரு வருஷம் என்று அந்தத் துறவி முன்னால் இவள் சொன்ன சொல் இப்போது என் வயிற்றில்தான் இருக்கிறது, அது பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதையும் சொல்ல வரவில்லை.

"ஆறிப் போவுது, சாப்பிடும்மா" என்றேன்.

சாப்பிட்டாள்.